சலா கையெழுத்துப் போட்டாச்சு! ஆனால் என் 66ஆம் நம்பர் ஜெர்சியை என்ன செய்வது?

வணக்கம் மக்களே. குரல் கட்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். மதியம் ஆபீஸ் கேன்டீனில் கத்திய கத்தல் அப்படி. தயிர்சாதத்தில் கை வைத்திருந்தேன், போன் அதிர்ந்தது, பார்த்தேன், கத்திவிட்டேன். பக்கத்து மேசையில் இருந்தவர்கள் எனக்கு சம்பளம் ஏறிவிட்டது என்று நினைத்துக் கை கொடுக்க வந்தார்கள்.

இன்று 2025 ஏப்ரல் 11, வெள்ளிக்கிழமை. நம் லிவர்பூல் கால்பந்துக் கிளப்பின் முகமது சலா புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார், லிவர்பூலில்தான் இருக்கிறார். 2027 வரை. நேற்று ராத்திரியே செய்தி கசிந்தது உண்மைதான், ஆனால் நான் நம்பவில்லை. என்னைப் பற்றித்தான் உங்களுக்குத் தெரியுமே, கிளப்பே போட்டோ போடாதவரை எதையும் நம்ப மாட்டேன். போட்டார்கள். நம் சொந்த மைதானமான ஆன்ஃபீல்டு புல்தரையில் ஒரு சிம்மாசனம் போட்டு, அதில் ஆளை உட்கார வைத்து. எகிப்து ராஜா என்று கேலரி பாடுகிறதல்லவா, அதற்காக. வேறு யாராவது அப்படி உட்கார்ந்திருந்தால் கல்யாண ரிசப்ஷன் மாதிரி இருக்கிறது என்று நானே கிண்டல் செய்திருப்பேன். இவருக்கு உட்கார உரிமை இருக்கிறது.

சரி, இந்த வீடியோ அதற்காக மட்டும் இல்லை. ஜெர்சிக்காக. அதற்கு வருகிறேன்.

முதலில் இந்த ஏழு மாதத்தைச் சொல்ல வேண்டும். செப்டம்பர் 1, மான்செஸ்டர் யுனைடெடை அவர்கள் மைதானமான ஓல்டு டிராஃபோர்டிலேயே 3-0 என்று அடித்துவிட்டு, சலா மைக்கைப் பிடித்து, இந்த மைதானத்தில் இதுவே என் கடைசி ஆட்டமாக இருக்கலாம், கிளப்பில் யாரும் ஒப்பந்தம் பற்றிப் பேசவில்லை என்றார். ஜெயித்த சந்தோஷத்தை ஐந்து நிமிடம்கூட அனுபவிக்க விடவில்லை. நவம்பர் 2, பிரைட்டன் ஆட்டம் முடிந்ததும் ஒரு பதிவு: என்ன நடந்தாலும் ஆன்ஃபீல்டில் கோல் அடிக்கும் உணர்வை மறக்க மாட்டேன் என்று. மக்களே, 'என்ன நடந்தாலும்' என்ற அந்த இரண்டு வார்த்தையை வைத்து நாம் எத்தனை ராத்திரி ஓட்டினோம்! அந்த வாரம் நான் போட்ட வீடியோ 41 நிமிடம். பொழிப்புரை, பதவுரை, விளக்கவுரை எல்லாம் அதில் இருக்கிறது.

அப்புறம்தான் சவுத்ஹாம்டன். நவம்பர் 24, ஞாயிறு. 2-1 என்று பின்தங்கி, சலா இரண்டு அடித்து 3-2. பெனால்டியை அடித்துவிட்டு சட்டையைக் கழற்றினார். ஆட்டம் முடிந்து, சாதாரணமாகப் பத்திரிகைக்காரர்களைத் தாண்டி நடந்து போகிற மனிதர், நின்றார். டிசம்பரே வரப்போகிறது, இன்னும் ஒரு ஆஃபரும் வரவில்லை, உள்ளே என்பதைவிட வெளியே என்றுதான் சொல்ல வேண்டும் என்றார். நம் பழைய ஆட்டக்காரர் காரகர் டிவியில் உட்கார்ந்து இது சுயநலம் என்றார். எனக்கு காரகரைப் பிடிக்கும், ஆனால் அன்றைக்குப் பிடிக்கவில்லை. கொடுக்க வேண்டியதைக் கேட்டால் சுயநலமா? ஆன்ஃபீல்டின் கோப் ஸ்டாண்டில் ரசிகர்கள் வில் அம்பு கொண்டாட்டத்தோடு சலா படத்தைப் போட்டு, மோவுக்கு (சலாவைச் செல்லமாக அப்படித்தான் கூப்பிடுவார்கள்) சேர வேண்டிய காசைக் கொடு என்று பேனர் பிடித்தார்கள். நான் பேனர் கட்சி.

ஜனவரி ஆனது. இதை எத்தனை வீடியோவில் சொன்னாலும் கமெண்டில் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள், கடைசி முறை: ஒப்பந்தம் முடிய ஆறு மாதம்தான் இருக்கிறது என்றால் ஜனவரி 1இலிருந்து வெளிநாட்டு கிளப்போடு அவர் முன்கூட்டியே பேசி முடித்துக்கொள்ளலாம். ஜூனில் போகும்போது லிவர்பூலுக்குப் பத்து பைசா வராது. 1995இல் போஸ்மன் வழக்குத் தீர்ப்பு வந்ததிலிருந்து இப்படித்தான். 2023 செப்டம்பரில் சவுதி அல்-இத்திஹாத் 15 கோடி பவுண்டு கொடுக்கிறேன் என்று வந்தபோது வேண்டாம் என்ற கிளப், அதே ஆளைச் சும்மா அனுப்பியிருந்தால் எப்படி இருந்திருக்கும்? அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இடையில் நாமெல்லாம் ஜோசியர்கள் ஆனோம். யார் படத்துக்கு லைக் போட்டார், யாரை அன்ஃபாலோ செய்தார், மகள்களின் பள்ளிக்கூடம் எப்போது முடிகிறது. நம் கமெண்டிலேயே ஒருவர், மார்ச் 29 சனிப்பெயர்ச்சி முடியட்டும், எல்லாம் சரியாகும் என்று போட்டார். நான் சிரிப்பு எமோஜி போட்டேன். திருக்கணிதப்படி பார்த்தால் பதின்மூன்றாம் நாள் கையெழுத்து. ஐயா, நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தால், மன்னித்துவிடுங்கள். நம் கேப்டன் வான் டைக்குக்கும் பார்த்துச் சொல்லுங்கள்.

எமோஜி என்றதும் ஞாபகம் வருகிறது, இதைச் சொல்லாமல் தாண்டிவிட்டேன். 2022இலும் இதே நாடகம். கிளப் தன்னால் முடிந்ததைச் செய்துவிட்டது என்கிற மாதிரி அப்போதைய பயிற்சியாளர் கிளாப் பேசினார். உடனே சலாவின் ஏஜென்ட் ரமி அப்பாஸ், விழுந்து விழுந்து சிரிக்கும் முகங்களை வரிசையாகப் போட்டு ட்வீட் செய்தார். ஒரு வார்த்தை கிடையாது. அதைப் பார்த்து நான் சாப்பிடவில்லை. ஜூலை 1ஆம் தேதி விடுமுறைக்குப் போன இடத்திலேயே கையெழுத்துப் போட்டார். வாரத்துக்கு மூன்றரை லட்சம் பவுண்டு என்று பத்திரிகைகள் எழுதின. ஆக, இந்த மனிதர் இழுப்பார், கடைசியில் போடுவார். இது தெரிந்திருந்தும் இந்தத் தடவையும் பயந்தேன்.

சரி, ஜெர்சி.

பழைய ஆட்களுக்கு என் ராசி தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக: 2010 டிசம்பரில் ஜெர்சி முதுகில் டோரஸ் 9 என்று பேர் போட்டேன். ஜனவரி 31, செல்சிக்கு 5 கோடி பவுண்டுக்குப் போனார். ஒரு மாதம்தான் போட்டேன், ஒரு மாதம். அடுத்து ஆறேழு வருடம் பேரே போடாமல் இருந்தேன். 2017இல் கூட்டினியோவை பார்சிலோனா கேட்டது, அவரும் போகிறேன் என்று ஆகஸ்டில் மனுக் கொடுத்தார், கிளப் விடவில்லை. அப்பாடா, இனி போக மாட்டார் என்று செப்டம்பரில் கூட்டினியோ 10 போட்டேன். ஜனவரியில் போய்விட்டார். 14 கோடி பவுண்டு என்றார்கள். அந்தக் காசில்தான் வான் டைக், அலிசன் எல்லாம் வந்தது என்று நீங்கள் சொல்வீர்கள். எனக்குக் கூட்டினியோவைப் பிடிக்காது. பேச்சு முடிந்தது.

போன ஆகஸ்டில் யோசித்தேன். யாரைப் போட்டால் போக மாட்டார்? சலா, வான் டைக், ட்ரென்ட் அலெக்சாண்டர்-ஆர்னால்ட் மூன்று பேருக்கும் ஒப்பந்தம் இந்த ஜூனில் முடிகிறது. சலாவுக்கு 32 வயது, சவுதி காத்திருக்கிறது. வான் டைக்குக்கு 33. ட்ரென்ட்? லிவர்பூல் நகரத்து வெஸ்ட் டெர்பி பையன். ஆறு வயதில் அகாடமிக்குள் வந்தவன். உள்ளூர்ப் பிள்ளை ஊரை விட்டு எங்கே போகப் போகிறான் என்று, அலெக்சாண்டர்-ஆர்னால்ட் 66.

மக்களே, அந்தப் பேரை ஆங்கிலத்தில் எழுதினால் பதினைந்து எழுத்து. காந்திபுரத்தில் நான் போகிற பிரிண்டிங் கடையில் எழுத்துக்கு 20 ரூபாய், எண் ஒன்றுக்கு 60. பதினைந்து எழுத்து 300, இரண்டு ஆறு 120, ஆக 420. பில்லில் 440. என்னண்ணா 20 ரூபாய் கூட இருக்கிறதே என்றால், நடுவில் இருக்கிற கோட்டுக்கு என்கிறார். கோட்டுக்கா? கோடு எப்படி எழுத்தாகும்? "கோடும் வினைல்லதானுங் கண்ணு வெட்டோணும், மெஷினுக்குத் தெரியுமா அது கோடா எழுத்தான்னு?" என்று கேட்டார். நியாயமாகத்தான் பட்டது, ஆனால் மனசு ஒப்பவில்லை. திருப்பூர் லாட்டில் எடுத்த ஜெர்சியே 350 ரூபாய். ஜெர்சியைவிடப் பேருக்கு அதிகம் கொடுத்தேன். பேர் இந்த அக்குளில் தொடங்கி அந்த அக்குள் வரை வளைந்து போகிறது. துவைத்தால் காய்வதற்கு இரண்டு நாள்.

இப்போது ட்ரென்ட் ரியல் மாட்ரிட்டுக்குப் போகப் போகிறாராம். அறிவிப்பு இன்னும் வரவில்லை, ஆனால் போன மாதத்திலிருந்து வருகிற செய்தி எல்லாம் அதைத்தான் சொல்கிறது. அதுவும் சும்மா, ஃப்ரீயாக. 1999இல் மெக்மனமன் இப்படித்தான் போனார். அவரும் உள்ளூர்ப் பையன்தான், அதே மாட்ரிட், அதே ஃப்ரீ. இந்தக் கதை தெரிந்திருந்தும் பதினைந்து எழுத்துக்குக் காசு கட்டிய ஆள் நான்.

கமெண்டில் சிலர் 33 வயதாகப் போகிறவருக்கு எதற்கு இரண்டு வருடம் என்கிறீர்கள். லீகில் 31 ஆட்டம் ஆகியிருக்கிறது. 27 கோல், அடுத்தவர் கோலுக்குப் பந்து எடுத்துக்கொடுத்த அசிஸ்ட் 17. கூட்டினால் 44. 2002-03இல் ஆர்சனலின் ஹென்றி 38 ஆட்டம் கொண்ட சீசனில் எடுத்ததும் 44தான், அந்தக் கணக்கை இவர் ஏழு ஆட்டம் மிச்சம் வைத்துத் தொட்டிருக்கிறார். நாம் 11 புள்ளி முன்னால் நிற்கிறோம். மார்ச்சில் பி.எஸ்.ஜியிடம் பெனால்டியில் வெளியேறினோம், நியூகாசிலிடம் கோப்பையை விட்டோம், போன ஞாயிறு ஃபுல்ஹாமிடம் உதை வாங்கினோம், இது எல்லாவற்றிலும் சலா காணோம், ஒப்புக்கொள்கிறேன். மனசு ஒப்பந்தத்தில் இருந்திருக்கும் என்பது என் கணிப்பு. இனி அந்தச் சாக்கு கிடையாது. ரோமாவிலிருந்து 2017இல் வந்தபோது செல்சியில் தேறாதவர் என்று சொன்ன அதே வாய்கள்தான் இன்றைக்கு வயதைப் பற்றிப் பேசுகின்றன. 394 ஆட்டம், 243 கோல். இங்கே விளையாடப் பிடித்திருக்கிறது, இன்னும் கோப்பை ஜெயிக்கலாம் என்று நினைப்பதால்தான் கையெழுத்துப் போட்டேன், எட்டு வருடம் பத்தாகட்டும் என்று அவரே சொல்லியிருக்கிறார். எனக்கு அது போதும்.

ஆகவே சாயங்காலம் ஆபீஸ் முடிந்ததும் நேராக எங்கே போயிருப்பேன்? அதே கடை. தீபாவளிக்கு எடுத்துப் பேர் போடாமல் பீரோவில் வைத்திருந்த வெற்று ஜெர்சி, வண்டி டிக்கியில் ஒரு மாதமாகவே இருக்கிறது. ராசியைப் பற்றி யோசிக்காமல் இல்லை. ஆனால் கையெழுத்துப் போட்ட பிறகு போடுகிறேன், முன்னால் இல்லை. அதுதான் வித்தியாசம்.

எம் புள்ளி சலா, 11. அவர் சட்டையில் அப்படித்தான் இருக்கும், எம் போட்டு ஒரு புள்ளி. கடைக்காரர் பேப்பரில் எழுதும்போதே கேட்டேன், "அண்ணா, கோட்டுக்கு 20 வாங்கினீர்கள், புள்ளிக்கு எவ்வளவு?" கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். எட்டு மாதம் கழித்து ஒருவன் அந்த 20 ரூபாயை மறக்காமல் வந்து நிற்பான் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. "புள்ளிக்கு எதுக்குங் கண்ணு காசு, சும்மா போட்டுக்கலாம்" என்றார். ஆறு எழுத்து 120, எண் 120, மொத்தம் 240. புள்ளி இலவசம். மக்களே, சலா கையெழுத்துக்கு அடுத்தபடியாக இன்றைக்கு என் பெரிய வெற்றி அந்தப் புள்ளி. ஹீட் பிரஸ்ஸை மூடி, பதினைந்து எண்ணி, திறந்து, சூடாகவே என் கையில் கொடுத்தார். ஒரு மணி நேரம் எதையும் அதன்மேல் வைக்காதே என்றார். நான் மடித்துப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

வான் டைக் போடுவார். ஃபுல்ஹாம் ஆட்டத்துக்கு அப்புறம் பேச்சு நகர்கிறது என்று அவரே சொன்னார். போடவில்லை என்றால் யுனைடெட் ரசிகரான என் மச்சானுக்கு நான் பரோட்டா வாங்கித் தருகிறேன், இதைக் கேமராவில் சொல்கிறேன். ட்ரென்ட் போனால் 66ஐ எரிக்க மாட்டேன். 2005இல் அப்போதைய கேப்டன் ஜெரார்டு போகிறேன் என்றதும் பயிற்சி மைதானத்துக்கு வெளியே சட்டையைக் கொளுத்தினார்கள், மறுநாளே அவர் இருக்கிறேன் என்றார். கொளுத்தியவர்கள் காசு போனது போனதுதான். இதற்கு நான் 440 கட்டியிருக்கிறேன், வண்டி துடைக்கவாவது வைத்துக்கொள்வேன்.

ஞாயிறு ஆறரைக்கு வெஸ்ட் ஹாம், ஆன்ஃபீல்டில். இதைத்தான் போட்டுக்கொண்டு உட்காரப் போகிறேன். இருங்கள், காட்டுகிறேன். இதோ, முதுகுப் பக்கம். எம்... சலா... பதினொன்று நேராக இருக்கிறதா? வலது பக்கத்து ஒன்று கொஞ்சம் கீழே இறங்கின மாதிரி... இல்லை, கேமரா சாய்ந்திருக்கிறது.

இருங்கள். புள்ளி எங்கே?

எம்முக்கும் சலாவுக்கும் நடுவில் புள்ளி இருந்தது. நான் பார்த்தேன். கடையில் பார்த்தேன். மடிப்பில் ஒட்டியிருக்கிறதா... இல்லை. பையில்? பையில் பில்தான் இருக்கிறது. வண்டியில் விழுந்திருக்குமோ. ஒரு பொட்டு சைஸ்தான் இருக்கும், வெள்ளை நிறம், இந்தத் தரையில் எங்கே தேடுவது... அம்மா, ஹால் லைட்டைப் போடுங்கள்! பெருக்காதீர்கள், பெருக்காதீர்கள்!

மக்களே, அப்புறம் வருகிறேன்.