மின்கட்டமைப்பில் எழும் அலைவுகளை அடக்குவது எப்படி?

[காட்சி: அத்திப்பட்டு, வட சென்னை அனல்மின் நிலையம்]

இந்த நிலையத்தின் டர்பைன்கள் நிமிடத்துக்கு 3000 சுற்று சுழல்கின்றன. சத்தீஸ்கரின் கோர்பாவில் உள்ளவையும் அதே வேகத்தில்தான் சுழல்கின்றன. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் மின்தடத்தின் வழியே தென்மண்டலம் பிற மண்டலங்களுடன் ஒத்தியங்கத் தொடங்கியது முதல், இவை யாவும் ஒரே கட்டமைப்பின் உறுப்புகள்.

[வரைபடம்: இரு மண்டலங்கள், இடையே நீண்ட மின்தடம்]

ஒரு மின்தடம் திடீரெனத் துண்டிக்கப்பட்டால், ஜெனரேட்டர்களின் சுழலும் பகுதிகளான ரோட்டார்கள் தம் நிலையிலிருந்து சற்று முந்தியும் பிந்தியும் ஆடுகின்றன. ஒரு மின்நிலையம் மட்டும் ஆடினால் நொடிக்கு ஓரிரு அலைவுகள். ஒரு மண்டலமே மற்றொன்றுக்கு எதிராக ஆடினால், ஓர் அலைவுக்கே சில நொடிகள் பிடிக்கும். பெரும்பாலும் இவை தாமாக அடங்கிவிடும். சிக்கல், அடங்காமல் வளர்பவற்றில்தான்.

அவை வளர்வதற்கு ஒரு முக்கியக் காரணம், நன்மைக்கென வைத்த கருவியே. ஜெனரேட்டரின் மின்னழுத்தத்தைச் சீராக வைக்கும் ஏவிஆர் என்ற தானியங்கிக் கருவி விரைந்து செயல்படுகிறது. ஆனால் அது ஆணையிடும், ரோட்டாரில் காந்தப்புலத்தை உண்டாக்கும் புலச்சுருளில் மின்னோட்டம் உடனே மாறிவிடாது. ஆகவே, நீண்ட தடத்தில் மிகுந்த மின்சாரம் பாயும்போது திருத்தம் காலந்தாழ்ந்து வந்து, ஊஞ்சலை நிறுத்தப் போன கை நேரம் தவறி வீசிவிடுவதைப் போல, ரோட்டாரின் ஆட்டத்தைப் பெருக்கிவிடுகிறது. மின்பொறியாளர்கள் டி மெல்லோ, கன்கார்டியா ஆகிய இருவரும் 1969இல் இதைத் தெளிவாக விளக்கினர்.

அதற்காக ஏவிஆரைக் கழற்றிவிட முடியாது. பவர் சிஸ்டம் ஸ்டெபிலைசர் எனப்படும் பிஎஸ்எஸ், ரோட்டாரின் வேக மாற்றத்தை அறிந்து, புலச்சுருளின் தாமதத்தை ஈடுசெய்யும் அளவுக்கு முன்கூட்டியே ஒரு சிறு சமிக்ஞையை ஏவிஆருக்குள் செலுத்துகிறது. இதனால் ரோட்டார் விரையும் தருணத்திலேயே அதை இழுத்துப் பிடிக்கும் விசை பிறக்கிறது. சமிக்ஞையின் அளவை விட அது வரும் நேரமே இங்கு முக்கியம்.

[காட்சி: வளரும் அலைவின் வரைபடம்]

1996 ஆகஸ்ட் 10 அன்று வட அமெரிக்காவின் மேற்குக் கட்டமைப்பில், ஏறக்குறைய நான்கு நொடிக்கு ஒன்றாக எழுந்த அலைவு வளர்ந்து, கட்டமைப்பையே நான்கு துண்டுகளாக்கியது. சுமார் 75 லட்சம் நுகர்வோர் மின்சாரம் இழந்தனர். கணினி மாதிரிகளோ அதே நிகழ்வில் அலைவு அடங்கிவிடும் என்றே காட்டின.

எனவேதான் பொறியாளர்கள் கணக்கோடு நிற்காமல், ஓடும் இயந்திரத்திலேயே சோதிக்கின்றனர். பிஎஸ்எஸ்ஸை முதலில் அணைத்தும் பிறகு இயக்கியும், ஏவிஆரின் இலக்கு மின்னழுத்தத்தைச் சற்றே மாற்றி, வெளிவரும் மின்திறனைக் காட்டும் மெகாவாட் கோடு எத்தனை முறை நெளிந்து அடங்குகிறது என்று ஒப்பிடுகின்றனர். புதிய மின்தடங்கள் சேர்ந்து கட்டமைப்பு மாறும்போது, பிஎஸ்எஸ்ஸின் அமைப்பைத் திரும்பவும் சரிபார்க்க வேண்டும்.