குழாய்க்குள் இருக்கும் வேலை

நேயர்களுக்கு என் வணக்கம்.

எங்கள் வள்ளியூர்ப் பக்கத்தில் வளைகுடாவுக்குப் போய்வந்த ஒருவரைப் பற்றிப் பேச்சு எழுந்தால், அவர் கட்டிய வீடும் மகளுக்குப் போட்ட நகையும் முதல் விடுமுறையில் கொண்டுவந்த டேப் ரிக்கார்டரும் எல்லோருக்கும் நினைவிருக்கும். அங்கே அவர் என்ன வேலை செய்தார் என்பது மட்டும் எவருக்கும் தெரியாது. சென்ற ஆண்டு காலமான என் பெரியப்பாவைப் பற்றித் துக்கம் கேட்க வந்தவர்களும் “எண்ணெய்க் கம்பெனியில் இருந்தார்” என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். அவர் குழாய் வெல்டர். அதே தொழிலை மாணவர்களுக்குக் கற்பிப்பவன் என்ற முறையில் அவருடைய வேலையைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

பேட்டை தொழிற்பயிற்சி நிலையத்தில் படித்து, லாரிப் பட்டறைகளில் சில காலம் உழைத்தபின், 1978இல் பம்பாயில் நடந்த தேர்வில் தேறிக் குவைத்துக்குப் போனார். வெல்டர்கள் ‘சிக்ஸ் ஜி’ என்று சொல்லும் தேர்வு அது. குழாயை 45 பாகைச் சாய்வில் அசையாமல் பொருத்திவிடுவார்கள். வெல்டர்தான் அதைச் சுற்றிவந்து, நிமிர்ந்தும் குனிந்தும் அண்ணாந்தும் பற்றவைக்க வேண்டும். இணைக்க வேண்டிய இரு குழாய்த் துண்டுகளுக்கும் நடுவே ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். ‘ரூட்’ எனப்படும் முதல் சுற்று அந்த இடைவெளியின் உள்விளிம்புவரை உருகி, உள்ளே மெல்லிய வரம்புபோல் ஒரே சீராக நிற்க வேண்டும். அடுத்தடுத்த சுற்றுகள் அதை மூடிவிடும். ஆனால் எக்ஸ்ரே படத்தில் காற்றுக்குமிழோ கசடோ உருகாத விளிம்போ அளவுக்கு மீறித் தெரிந்தால், வெளித்தோற்றம் எவ்வளவு அழகாயிருந்தாலும் அதை வெட்டியெடுத்து மறுபடி செய்ய வேண்டியதுதான்.

நான் பயிற்சியில் சேர்ந்த புதிதில், விடுமுறைக்கு வந்திருந்த அவரிடம் என் குழாய்த் துண்டைப் பெருமையோடு நீட்டினேன். மேற்புறத்தை அவர் பார்க்கவேயில்லை. வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து உட்புறத்தைப் பார்த்துவிட்டு, “மேல் பூச்ச எவனும் பூசிருவாம்ல” என்றார்.

குவைத்தின் கோடையில் நிழலிலேயே வெப்பம் 50 பாகையை நெருங்கும். இரும்பை உருக்கும் மின்சுடரான ஆர்க்கை மணற்காற்று கலைக்காதபடி தார்ப்பாயால் மறைப்புக் கட்டி, தோல் கையுறையோடு அதற்குள் குனிந்திருக்க வேண்டும். உருகி இணைப்பை நிரப்பும் கம்பிகளான ராடுகளைச் சூட்டடுப்பிலிருந்து வேண்டியபோதுதான் எடுக்க வேண்டும். ஈரம் ஏறினால் அதிலுள்ள ஹைட்ரஜன் இரும்புக்குள் புகுந்து, வேலை முடித்தவர் கேம்புக்குத் திரும்பிப் பல மணி நேரம் கழித்துக்கூட வெடிப்பு விடும். எண்ணெயோடு வரும் ஹைட்ரஜன் சல்பைடு இன்னும் கொடியது. முதலில் அழுகிய முட்டைபோல் நாறும். அளவு கூடினால் மோப்ப உணர்வையே மரக்கச் செய்துவிடும் என்பதால், நாற்றம் நின்றது என்று நிம்மதி கொள்ள முடியாது. இவற்றில் எதையும் அவர் பெரியம்மாவுக்கு எழுதியதில்லை. கிணற்று மோட்டார் ஓடுகிறதா, பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டியாயிற்றா என்றுதான் கடிதத்துக்குக் கடிதம் கேட்டிருந்தார்.

1990 ஆகஸ்ட் 2ஆம் நாள் ஈராக் படை குவைத்துக்குள் நுழைந்தது. ஜோர்டானின் அம்மான் நகரிலிருந்து ஏர் இந்தியா விமானங்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களை அழைத்துவந்தன. ஈராக் வழியாகத் தரைமார்க்கமாக அங்கே போய்ச் சேர்ந்த பெரியப்பாவும் அவர்களில் ஒருவர். சம்பள பாக்கி வரவேயில்லை. பெரியம்மாவின் நகைகள் அடகுக்குப் போயின. பின்வாங்கிய படை 600க்கும் மேற்பட்ட எண்ணெய்க் கிணறுகளுக்குத் தீ வைத்துவிட்டுப் போயிருந்தது. கடைசித் தீ 1991 நவம்பரில்தான் அணைந்தது. சிதைந்த குழாய்களைத் திரும்ப அமைக்க ஆள் தேவைப்பட்டபோது, பெரியம்மா அழுது தடுத்தும் கேளாமல் மறுபடி போனார். அதை வீரம் என்று நான் சொல்லமாட்டேன். இரண்டு பெண்கள் படித்துக்கொண்டிருந்தார்கள். வேறு வழி இருக்கவில்லை.

மூத்தவளின் சடங்குக்கும் தம் தாயாரின் கருமாதிக்கும் அவரால் வர முடியவில்லை. ஊரோடு வந்து சேர்ந்தபின், ஞாயிறுதோறும் கறி வாங்கிவந்து தாமே சமைத்தார். கேம்பில் பழகிய கை. உறைப்புச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும்.

வீட்டின் பின்புறம் தகரக் கொட்டகை போட்டு, வெளிநாடு போக விரும்பிய பையன்களுக்குத் தொழிலும் சொல்லிக்கொடுத்தார். ராடுக்கான காசு மட்டும் வாங்குவார். பற்றவைத்த துண்டை நெடுக்காக அறுத்து, உட்புறத்தை அவர்கள் கையாலேயே தடவிப் பார்க்கச் சொல்வார். ரூட் சரியாக விழாத எவனையும், பெற்றோர் வந்து எவ்வளவு மன்றாடினாலும், எந்த ஏஜெண்டிடமும் அவர் அனுப்பியதில்லை.

நன்றி, வணக்கம்.