குமுளி ஏறும்போது போனுக்குள் நடப்பது: ஜிஎஸ்எம், சிடிஎம்ஏ, எல்டிஇ

(திரையில்: லோயர் கேம்ப்பிலிருந்து குமுளி ஏறும் மலைப்பாதை, ஏலத்தோட்டத்து ஜீப்)

கம்பம், கூடலூர்க்காரர்களுக்கு இது பழகின சமாச்சாரம். ஜீப் வளைவு ஏற ஏறத் தமிழ்நாட்டு டவர் கைவிடும், கேரளா டவர் பிடித்துக்கொள்ளும். இன்று இரண்டு பக்கமும் ஓடுவது ஒரே எல்டிஇ, அதாவது நாம் 4ஜி என்று சொல்வது. இருபது வருடத்துக்கு முன்னால், ஒரே டவரைப் பல போன்கள் எப்படிப் பங்கிடுவது என்பதில் இரண்டு கட்சி இருந்தது: ஜிஎஸ்எம், சிடிஎம்ஏ.

(திரையில்: எட்டுக் கட்டங்கள், ஒவ்வொன்றாக எரிந்து அணைகின்றன)

ஜிஎஸ்எம்மில் எல்லாம் முறை வைத்துத்தான். 200 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரு தடத்தை எட்டு போன்கள் பங்கு போட்டுக்கொள்ளும். ஒரு முறைக்கு 0.577 மில்லிசெகண்ட். ஜிபிஆர்எஸ் என்ற அதன் பழைய நெட்டுக்குப் பேச்சு போக மிஞ்சிய முறைகள்தான். திருவிழா நாளில் ஊரே போனில் பேசினால் நெட் படுத்துவிடும்.

சிடிஎம்ஏவில் முறை கிடையாது. 1.25 மெகாஹெர்ட்ஸுக்குள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசலாம், ஆளுக்கொரு குறியீடு. குமுளி பஸ் ஸ்டாண்டில் தமிழும் மலையாளமும் கலந்து இரைந்தாலும் நம்மைக் கூப்பிடுகிற குரல் மட்டும் நம் காதில் விழுகிறதல்லவா, அப்படித்தான். இன்னொரு கெட்டிக்காரத்தனமும் உண்டு. பழைய டவரை விடும் முன்பே புதிய டவரையும் பிடித்துக்கொள்ளும். ஜிஎஸ்எம் ஒன்றை விட்டால்தான் மற்றதைப் பிடிக்கும்.

டேட்டாவிலும் சிடிஎம்ஏ கைதான் ஓங்கியிருந்தது. ஜிபிஆர்எஸ் நொடிக்கு 40 கிலோபிட்டைத் தொட்டாலே பெரிது என்றிருந்த காலத்தில் ‘1எக்ஸ்’ என்ற சிடிஎம்ஏ நெட்டின் உச்சம் 153 கிலோபிட். அப்புறம் வந்த அதன் வேகமான வடிவம் இவிடிஓ ரெவ்-ஏ, காகிதத்திலாவது, 3.1 மெகாபிட்.

சரி, பிறகு ஏன் தோற்றது?

(திரையில்: ஒரு சிம் கார்டு, நெருக்கத்தில்)

என்னைக் கேட்டால், இதனால்தான். பல சிடிஎம்ஏ செட்களில் சிம்மே கிடையாது, எண் செட்டுக்குள்ளேயே பதிந்திருக்கும். கம்பெனி மாற வேண்டுமா, செட்டையே மாற்று! ஜிஎஸ்எம்மில் கார்டைக் கழற்றி வேறு போனில் போட்டால் வேலை முடிந்தது. எல்லைக்காரர்களுக்கு இன்னொரு இடி: ஆரம்பத்தில் சிடிஎம்ஏவை ‘டபிள்யூஎல்எல்’ (கம்பியில்லா வீட்டு போன்) என்ற பெயரில் உள்ளூர் எல்லைக்குள் மட்டுமே அனுமதித்தார்கள். விதிப்படி பார்த்தால் கூடலூர் செட் குமுளியில் பேசக் கூடாது. 2003 நவம்பரில் ஒருங்கிணைந்த உரிமம் வந்த பிறகுதான் அந்தக் கட்டு அவிழ்ந்தது.

அடுத்த சண்டை, வேகமான கம்பியில்லா நெட்டுக்கு வந்த இரண்டு முறைகளான வைமேக்ஸுக்கும் எல்டிஇக்கும். கேரளாவில் பிஎஸ்என்எல் வைமேக்ஸ் கொடுத்தது. உலகம் எல்டிஇ பக்கம் போய்விட்டது. சிடிஎம்ஏவின் தாய்வீடான அமெரிக்க சிப் கம்பெனி குவால்காமே 2008இல் தன் 4ஜி திட்டத்தைக் கைவிட்டு எல்டிஇக்கு வந்தது. எல்டிஇயில் 20 மெகாஹெர்ட்ஸை 1,200 மெல்லிய தடங்களாக நறுக்கி, யாருக்கு எத்தனை என்பதை டவர் ஒவ்வொரு மில்லிசெகண்டும் புதிதாக முடிவு செய்யும்.

(திரையில்: போன் பெட்டியின் பின்புறம், பேண்ட் பட்டியல்)

சிடிஎம்ஏ ஓடிய 800 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை வீணாகவில்லை. ஜியோ அதில் எல்டிஇ ஓட்டுகிறது. போன் பெட்டியில் அந்த அலைவரிசைக்குப் போட்டிருக்கும் எண்தான் பேண்ட் 5. மலை மறைவில் 2300 மெகாஹெர்ட்ஸான பேண்ட் 40ஐவிட இது நன்றாக எட்டும். கல்ஃபிலிருந்து யாராவது போன் கொண்டுவந்து விற்றால், பட்டியலில் 5, 40 இரண்டும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.