மதகடியில் ஒரு பெண் பார்க்கும் படலம்

நேயர்களுக்கு வணக்கம். இருபது வருஷமாகக் குடும்ப நாவல் எழுதுகிறேன். என் கதைகளில் பொண்ணும் பையனும் தற்செயலாகத்தான் சந்திப்பார்கள், அந்தத் தற்செயலுக்குப் பின்னால் நாலு பெரியவர்கள் ஒரு மாசமாகப் போனில் பேசியிருப்பார்கள். இது ஒன்றும் என் கற்பனை இல்லை, நம்ம டெல்டாவில் பாதிக் கல்யாணம் இப்படித்தான் கோயில் பிராகாரத்தில் ஆரம்பிக்கிறது.

போன வருஷம் பாபநாசத்திலிருந்து ஒரு டீச்சர் கடிதம் போட்டிருந்தார். ஒரே வரி. "கல்யாணத்துக்கு அப்புறம் அந்தப் பொண்ணோட பேங்க் வேலை என்ன ஆச்சு?" எனக்கே தெரியவில்லை. நாலாம் அத்தியாயத்தில் புரொமோஷன் வாங்கிக் கொடுத்தேன், பதினாறில் தாலி ஏறியது, நடுவில் வேலையை எங்கேயோ தொலைத்துவிட்டேன்.

அந்த உறுத்தலில் எழுதியதுதான் புது நாவல். இதில் கதாநாயகி நீர்வளத்துறையில் உதவிப் பொறியாளர். "உன் சித்தி பொண்ணுக்கு வேண்டுதல்டி, சும்மா கூட வா" என்று அம்மா அவளைக் குத்தாலம் பக்கம் திருமணஞ்சேரிக்கு இழுத்துப் போகிறாள். மாலை சாத்தி, ஒரு மாலையைத் திரும்ப வாங்கி வீட்டில் வைத்திருந்து, கல்யாணம் ஆனதும் ஜோடியாக வந்து செலுத்துவார்களே, அந்தக் கோயில்தான். அங்கே பையன் வீட்டார் 'தற்செயலாக' நிற்கிறார்கள். பத்துக்கு எட்டுப் பொருத்தம் ஏற்கெனவே பார்த்தாகிவிட்டது. தினம், கணம், ரஜ்ஜு எல்லாம் சரி, பொண்ணு எந்த ஊரில் வேலை பார்க்கிறாள், ராத்திரி எத்தனை மணிக்கு வீடு திரும்புவாள் என்பதற்குத்தான் அந்தப் பத்தில் இடமே கிடையாது.

அம்மா செய்த தப்பு, தேதி. ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் திறந்து, தண்ணீர் கல்லணை தாண்டி, கடைமடைக்குப் போய்ச் சேரவேண்டிய வாரம். அர்ச்சனைத் தட்டு கையில் இருக்கும்போதே, மதகு ஷட்டரை ஏற்றி இறக்கும் லஸ்கரிடமிருந்து போன், "அம்மா, ஷட்டர் ஏறமாட்டேங்குது." தட்டைச் சித்தியிடம் கொடுத்துவிட்டு, பட்டுப்புடவையோடு ஸ்கூட்டியில் கிளம்பிவிடுகிறாள். பையனும் பின்னாலேயே பைக்கில் வருகிறான். வந்தவன் உதவி செய்வதாக எழுதத்தான் முதலில் கை போனது, பழக்கதோஷம். அடித்துவிட்டேன். ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கிறான், அவ்வளவுதான்.

தேவதாசி முறையை எதிர்த்துப் போராடிய மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பேரில் 1989இல் வந்தது கல்யாண உதவித் திட்டம். 2022இல் அதுவே பெண்களின் மேல்படிப்புக்கு மாதம் 1000 ரூபாய் என்று மாறிவிட்டது. மயிலாடுதுறையிலிருந்து மூவலூர் கூப்பிடு தூரம். அரசாங்கத் திட்டமே கல்யாணத்திலிருந்து காலேஜுக்கு நகர்ந்தபோது, நான் மட்டும் கதாநாயகியை இன்னும் சமையலறையில் கொண்டுபோய் முடித்துக்கொண்டிருந்தேன்!

சரி, கல்யாணம் நடக்கிறதா? நடக்கிறது. காதல் கதை படிக்க வருகிறவர்களை நான் ஏமாற்றமாட்டேன். ஆனால் மூன்றாம் நாள் காலையில், மஞ்சள் கயிறு புதுசாக மின்ன, அவள் மதகடியில் நிற்கிறாள், முறைப்பாசனத் தகராறு, யார் வயலுக்கு எப்போது தண்ணீர் என்று.

டீச்சருக்கு ஒரு பிரதி அனுப்பியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.