குருமனைக்கு மட்டும் மே மாத லீவு கிடையாது

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி அண்ணன்மாரே, அக்காமாரே, வெயில் தாழ்ந்ததும் நாற்காலி பிடித்து உட்கார்ந்திருக்கும் சபையாரே, எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

'வி.பி.எஸ். நடத்தும் வீட்டில் விஞ்சி நிற்பது மகிழ்ச்சியா, அலைச்சலா?' இதுதான் தலைப்பு. வி.பி.எஸ். என்கிற, கோடை லீவில் சபை பிள்ளைகளுக்கு நடத்தும் விடுமுறை வேதாகமப் பள்ளியில் பாட்டு உண்டு, கதை உண்டு, சுண்டல் உண்டு, பிள்ளைகள் துள்ளிக் குதிக்கிறார்கள், ஆகவே மகிழ்ச்சியே என்று எதிரணித் தலைவர் முழங்கிவிட்டுப் போனார். பிள்ளைகளுக்கு மகிழ்ச்சி இல்லை என்று இந்த மேடையில் யார் சொன்னது? கேட்டது நடத்தும் வீட்டைப் பற்றி. அண்ணன் கல்யாண வீட்டுக்காரனை விட்டுவிட்டு, பந்தியில் சாப்பிட்டவனிடம் விசாரித்துவிட்டு வந்திருக்கிறார்!

நான் யாரிடமும் விசாரிக்க வேண்டியதில்லை ஐயா. நெல்லைச் சீமையில், சேகர குருவின் மகளாக, அதாவது ஊர் 'ஐயர்' என்று கூப்பிடும் சபைப் போதகரின் மகளாக, அவர் குடியிருக்கும் குருமனையில் வளர்ந்தவள்.

கத்திரி வெயில் ஏறுமுன் முடிக்க வேண்டும் என்று வகுப்புக்குக் காலையிலேயே மணி அடித்துவிடும். அம்மாவுக்கோ முந்தின ராத்திரியே அடித்துவிடும். அண்டாவில் தட்டைப்பயறு ஊறும். கூடம் முழுக்க சார்ட் அட்டை, கலர் தாள், பசை டப்பா. பரிசுக்கு வாங்கிய டிபன் பாக்ஸ் மூட்டை கட்டில் மேல். உள் அறையில், வெளியூரிலிருந்து பாடம் எடுக்க வந்த அக்காமார் பாய் விரித்திருப்பார்கள். நாங்கள்? மொட்டை மாடியில் கொசுவுக்கு ஆக்ஷன் சாங் நடத்திக்கொண்டிருப்போம். 'சிறு பிள்ளைகள் என்னிடத்தில் வருகிறதற்கு இடங்கொடுங்கள்' என்ற வசனத்தை எதிரணி சொன்னது. கொடுத்தோம் ஐயா, படுக்கிற கட்டில் வரைக்கும் கொடுத்தோம்!

மதியம் வகுப்பு கலைந்த பிறகும் திண்ணையில் ஒரு பையன் மிச்சம் இருப்பான். பீடி சுற்றும் அவன் அம்மா, கடையில் பீடிக்கட்டைக் கொடுத்து, கணக்கு முடித்துத்தான் வர முடியும். அவளைக் குறை சொல்ல வாய் வராது. ஆனால் அதுவரை அந்தப் பையனுக்குச் சோறு போட வேண்டும், மூக்குத் துடைக்க வேண்டும், 'ஐயரம்மா, நாளைக்கும் சுண்டல்தானா?' என்ற கேள்விக்குச் சிரித்த முகமாகப் பதில் சொல்ல வேண்டும். அம்மா தட்டை எடுத்து உட்காரும்போது குழம்புச் சட்டியில் கறிவேப்பிலை மட்டும்தான் கிடக்கும்.

குடும்பமே சேர்ந்து உழைப்பது எவ்வளவு ஆனந்தம் என்று உருகினார் எதிரணி அக்கா. எங்கே சேர்ந்தோம்? அப்பா தெருத் தெருவாக வேனில் பிள்ளை ஏற்றுகிறார். அம்மா அடுப்படியில். அண்ணன் கரகரக்கும் மைக் செட்டோடு மல்லுக்கட்டுகிறான். நானும் தங்கையும் பாலர் வகுப்பில், அழுகிற பிள்ளைக்கு ஒருத்தி, கடிக்கிற பிள்ளைக்கு ஒருத்தி. நாங்கள் ஒன்றாக நின்றது நிறைவு நாள் குரூப் போட்டோவில் மட்டும். அதிலும் அண்ணனைக் காணோம். போட்டோ எடுத்தவனே அவன்தான்.

தங்கை கதை ஒன்று உண்டு. மனப்பாட வசனப் போட்டியில் ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தாள். பரிசு, இரண்டு இடத்தில் தடுமாறிய பிள்ளைக்குப் போனது. 'ஐயர் மகளுக்கே கொடுத்தா ஊர் என்ன சொல்லும்?' என்றார் அப்பா. அவர் நிலையில் வேறென்ன செய்வார்? ஆனால் அந்த டிபன் பாக்ஸைக் கலர் தாளில் சுற்றி, ரிப்பன் கட்டியதும் அவள்தான். இதை மகிழ்ச்சிக் கணக்கில் எந்தப் பக்கத்தில் எழுதுவீர்கள்?

இது ஊழியம், முணுமுணுக்கக் கூடாது என்பார்கள். சரி, ஊழியத்தின் ஆரம்பத்தையே பார்ப்போம். 1898இல் நியூயார்க் நகரத்தில், எபிபனி பாப்திஸ்து சபையின் ஹாஸ் அம்மையார், கோடை விடுமுறையில் தெருவில் திரிந்த பிள்ளைகளுக்காக இப்படி ஒரு பள்ளி தொடங்கினார். எங்கே வைத்து? பீர் விற்கும் கூடம் ஒன்றை வாடகைக்குப் பிடித்து! தன் வீட்டுக் கட்டிலில் கை வைக்கவில்லை. பிறகு ராபர்ட் போவில் அதைப் பெரிய இயக்கமாக்கியபோது, பாடம் எடுக்க மாணவர்களை இறக்கினார். நாம்தான் கூடம், சமையல், மைக், வேன் எல்லாவற்றையும் ஒரே வீட்டுத் தலையில் கட்டி, அதற்கு மகிழ்ச்சி என்று பெயரும் வைத்திருக்கிறோம்.

வேதத்தில், இயேசுவுக்கு விருந்து செய்த பெத்தானியா வீட்டு மார்த்தாளுக்காவது ஒரு வசதி இருந்தது. என் தங்கை என்னைத் தனியே விட்டுவிட்டாளே என்று ஆண்டவரிடமே நேராக முறையிட்டாள். பதில் சாதகமாக வரவில்லை, அது வேறு. எங்கள் ஐயரம்மா யாரிடம் முறையிடுவார்? ஐயரிடமா? அவர் வேனில் இருக்கிறார்.

மணி அடித்துவிட்டீர்கள் ஐயா, முடித்துக்கொள்கிறேன். எதிரணித் தலைவரின் துணைவியார் மூன்றாவது வரிசையில் இருக்கிறார்கள். அண்ணன் பேசி முடிக்கும் வரை அவர்கள் ஒரு தடவைகூடக் கை தட்டவில்லை, நான் கவனித்தேன். அடுத்துப் பேச வரும் எதிரணித் தம்பி இதற்குப் பதில் சொன்னால் போதும்: வருகிற மே மாதம் வி.பி.எஸ்.ஸை உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளலாமா? அவசரமில்லை தம்பி. வீட்டில் கேட்டுவிட்டே சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.