முதல் புதுக் கார்: விற்கும் விலையைக் கடைசியில் பார்ப்போம்

வணக்கம் நேயர்களே.

கொழும்பில் முதல் தடவையாக ஒரு புதுக் கார் வாங்கும் யோசனையில் இருக்கும் குடும்பங்களோடு இன்று பேச வந்திருக்கிறேன். என் பேச்சு சின்னக் கார்களைப் பற்றி மட்டும்தான். என்ஜின் ஆயிரம் சீசீ அளவில், நீளம் நான்கு மீற்றர் அளவில். நான்கு பேர் வசதியாக இருக்கலாம், ஐந்தாவது ஆள் கொஞ்சம் நெருங்கி உட்காரவேண்டும். அந்த வகை.

கார் வாங்கப் போகிறோம் என்று சொன்னதும் எங்கள் ஆட்கள் கேட்கும் முதல் கேள்வி, "விக்கேக்கை நல்ல விலை போகுமோ?" என்பதுதான். சித்தப்பாவும் அதைத்தான் கேட்பார், அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரரும் அதைத்தான் கேட்பார். அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் இன்று வந்தேன்.

அது எங்கிருந்து வந்த கேள்வி என்று எனக்கு விளங்குகிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்குத் திரும்ப வழி திறந்தது 2025 பெப்ரவரியில். கிட்டத்தட்ட ஐந்து வருடம், நாட்டுக்குள் இருந்த கார்களே கைமாறிக்கொண்டிருந்தன. நடுவில் 2022இல் ரூபா விழுந்தது. அந்த வருடத் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் சில மாதங்களிலேயே 360ஐத் தாண்டிப் போனது. பழைய கார் வைத்திருந்த பலர், வாங்கிய விலையைவிடக் கூடுதலான விலைக்கு விற்றார்கள். ஓடித் தேய்ந்த பொருளுக்கு விலை ஏறியதை எங்கள் கண்ணால் கண்டோம். அதோடு, கார் என்றால் காணித்துண்டு மாதிரி ஒரு சேமிப்பு என்ற எண்ணம் ஊறிப்போய்விட்டது.

இறக்குமதி இல்லாத காலத்தின் நிலைமை அது. இப்போது கப்பலில் கார்கள் வந்து இறங்குகின்றன. புதுக் காரின் மதிப்பு வருடா வருடம் இறங்கத்தான் செய்யும். எவ்வளவு இறங்கும் என்பதை வரவுசெலவுத் திட்டமும் டொலரும் தீர்மானிக்கும். நாங்கள் தீர்மானிக்க முடியாது. நாங்கள் தீர்மானிக்கக்கூடியவை மூன்று. மாதம் எவ்வளவு கட்டப்போகிறோம், காரில் யார் யார் ஏறப்போகிறார்கள், எந்த வீதிகளில் ஓடப்போகிறோம்.

சரி, சந்தையில் என்னதான் இருக்கிறது? சின்னக் கார்கள் பெரும்பாலும் ஏதோ ஒரு நாட்டின் வரிச் சட்டத்துக்குள் அடங்கும்படி செய்யப்பட்டவை. இதைத் தெரிந்துகொண்டு போனால் கார்க் கடையில் பாதிக் குழப்பம் தீரும். ஜப்பானில் 'கேய்' என்று ஒரு வகை உண்டு. என்ஜின் 660 சீசீக்குள், நீளம் 3.4 மீற்றருக்குள், அகலம் 1.48 மீற்றருக்குள் இருந்தால் அங்கே வரி குறைவு. எங்கள் வீதிகளில் ஓடும் ஜப்பான் வெகன் ஆர், டைஹாட்சு மீரா, நிசான் டேய்ஸ் எல்லாம் அந்த அளவுக்குள் செய்யப்பட்டவை. இந்தியாவில் நான்கு மீற்றருக்குக் குறைந்த நீளமும் 1,200 சீசீக்குள் பெற்றோல் என்ஜினும் இருந்தால் சலுகை. அங்கே அத்தனை கார்கள் நான்கு மீற்றரைத் தொடாமல் நிற்பதற்குக் காரணம் அதுதான். மலேசியாவின் பெரொடுவா அக்ஸியா, பெஸா இரண்டும் டைஹாட்சுவின் தொழில்நுட்பத்தில் வந்தவை.

எங்கள் நாட்டிலும் பெற்றோல் காரின் உற்பத்தி வரி சீசீயைப் பார்த்தே விழுகிறது. அதில் ஒரு படி 1,000 சீசீ. 996 சீசீ, 998 சீசீ என்ஜின்களை இங்கே அடிக்கடி கேள்விப்படுவது அதனால்தான். சுங்க வரி, உற்பத்தி வரி, அதற்கு மேலே 18 வீத வற் என்று ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி, மற்ற நாடுகளில் சாதாரண சம்பளக்காரர் வாங்கும் கார் இங்கே ஒரு குடும்பத்தின் பல வருடச் சேமிப்பைக் கேட்கிறது. இவ்வளவு கொடுத்து வாங்கும்போது பெயரை மட்டும் நம்பி வாங்கக்கூடாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

வெகன் ஆர் என்ற பெயரையே எடுங்கள். ஜப்பானில் செய்யும் வெகன் ஆர் 660 சீசீ கேய் கார். இந்தியாவில் செய்யும் வெகன் ஆர் 998 சீசீ அல்லது 1,197 சீசீ என்ஜின் உள்ள, அதைவிட நீளமான, அகலமான வேறொரு கார். உதிரிப்பாகம் வேறு, கியர் பெட்டி வேறு. ஜப்பான் காரில் பெரும்பாலும் படிப் படியாக இல்லாமல் வழுக்கிக்கொண்டு மாறும் ஓட்டோ கியரான சீவீடீ. இந்தியக் காரில் மனுவல், அல்லது மனுவல் பெட்டியையே மோட்டார் மாற்றிக் கொடுக்கும் ஏஜீஎஸ். அந்த ஏஜீஎஸ் விலை குறைந்த ஓட்டோ கியர்தான், ஆனால் காலி வீதி நெரிசலில் கியர் மாறும்போது தலை முன்னுக்குப் போய் வருவதுபோல ஒரு சின்ன இழுவை இருக்கும். சிலருக்கு அது பழகிவிடும், சிலருக்குப் பழகவே பழகாது. ஓட்டிப் பார்க்காமல் பணம் கட்டவேண்டாம்.

இனி மாதக் கணக்கு. முதல் காரை லீசிங்கில் எடுப்பவர்கள் நிறையப் பேர். அங்கே "வட்டி எட்டு வீதம்தான்" என்று ஒருவர் சொன்னால் உடனே ஒன்று கேளுங்கள். அது ஃபிளாட் வட்டியா, குறைந்துகொண்டு போகும் மீதிக்குப் போடும் வட்டியா? 30 லட்சம் கடன், ஐந்து வருடம், 8 வீத ஃபிளாட் வட்டி என்று வையுங்கள். வருடத்துக்கு 240,000 ரூபா, ஐந்து வருடத்துக்கு 12 லட்சம். மொத்தம் 42 லட்சம், மாதத் தவணை 70,000. நீங்கள் மாதா மாதம் முதலைக் கட்டிக் குறைத்துக்கொண்டு வந்தாலும், வட்டி முதல் நாள் தொகைக்கே விழுந்துகொண்டிருக்கிறது. குறையும் மீதிக்கு வட்டி போடும் ஒரு கடனில் இதே 70,000 தவணை வரவேண்டுமென்றால், அந்த வட்டி 14 வீதத்தைத் தாண்டும். அதனால் ஒரு இடத்தில் எட்டு, இன்னொரு இடத்தில் பதின்மூன்று என்று சொன்னால், பதின்மூன்றுதான் மலிவாக இருக்கலாம். வீதத்தை விட்டுவிட்டு, "மொத்தம் எவ்வளவு திருப்பிக் கட்டுவேன்?" என்று ரூபாயில் எழுதித் தரச் சொல்லுங்கள். இடையில் முழுக் கடனையும் முடித்தால் என்ன தண்டம் என்றும் அதே தாளில் எழுதிக் கேளுங்கள்.

லீசிங்கில் எடுத்தால் முழுக் காப்புறுதி கட்டாயம். மூன்றாம் தரப்புக் காப்புறுதியோடு ஓட விடமாட்டார்கள். காப்புறுதியை வருடத்துக்கு என்று சொல்வார்கள். நீங்கள் பன்னிரண்டால் பிரித்து மாதச் செலவில் சேருங்கள். வாகன அனுமதிப்பத்திரம், சேர்விஸ், ரயர், வாகனத் தரிப்பிட வாடகை எல்லாவற்றையும் அப்படியே சேருங்கள். இப்படிக் கூட்டி வரும் தொகையை, காருக்கு முற்பணம் கட்டுவதற்கு முன்னமே மூன்று மாதம் தனியாக ஒரு கணக்கில் போட்டுப் பாருங்கள் என்று நான் எல்லோருக்கும் சொல்வேன். பிள்ளையின் வகுப்புக் காசிலும் மருந்துக் காசிலும் கைவைக்காமல் அந்த மூன்று மாதம் போனால், அந்தக் கார் உங்களுக்குத் தாங்கும்.

பெற்றோல் செலவில் எங்கள் ஆட்களுக்கு ஒரு பயம் இருக்கிறது. 2022இல் எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் கோட் வந்தபோது காருக்கு வாரம் 20 லீற்றர்தான். அந்த வருடம் ஜூன் கடைசியில் ஒக்டேன் 92 ஒரு லீற்றர் 470 ரூபாவுக்குப் போனது. வரிசையில் இரவு கழித்தவர்களுக்கு அந்தப் பயம் லேசில் போகாது. ஆனாலும் கணக்கைப் பார்ப்போம். மாதம் 800 கிலோமீற்றர் ஓடுகிறீர்கள், பெற்றோல் லீற்றர் 300 ரூபா என்று வையுங்கள். லீற்றருக்கு 12 கிலோமீற்றர் ஓடும் காருக்கு மாதம் 20,000 ரூபா. 15 ஓடும் காருக்கு 16,000. வித்தியாசம் 4,000 ரூபா. இந்த 4,000த்தை மிச்சம் பிடிப்பதற்காக 15 லட்சம் கூடுதலாகக் கொடுத்து, பெற்றோல் என்ஜினோடு மின் மோட்டாரும் உள்ள ஒரு ஹைபிரிட் எடுத்தால், அந்தப் பணம் திரும்பி வர முப்பது வருடத்துக்கு மேல் ஆகும். தினமும் நீர்கொழும்புக்கு ஓடி வருபவருக்குக் கணக்கு வேறு. வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு வேலைக்குப் போய்வருபவர், அந்த 15 லட்சத்தை வேறு விடயத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

அந்த வேறு விடயம் பாதுகாப்பு. என் பேச்சில் நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது இதுதான். இந்தச் சின்னக் கார் கொழும்புக்குள் மட்டும் நிற்கப்போவதில்லை. நல்லூர்த் திருவிழாவுக்கு ஏ9இல் போகும். வவுனியா தாண்டி இரவில் லொறியை முந்தும். தைப்பொங்கலுக்கு ஹட்டனுக்கு ஏறும். பின்சீட்டில் அம்மாவும் பிள்ளைகளும் இருப்பார்கள்.

குளோபல் என்கெப் என்ற அமைப்பு கார்களை மோதவிட்டுச் சோதித்து நட்சத்திரம் கொடுக்கிறது. 2023இல் அது வெளியிட்ட முடிவுகளில் இந்தியத் தயாரிப்பான அல்டோ கே10, வளர்ந்தவர்களின் பாதுகாப்புக்கு ஐந்தில் இரண்டு நட்சத்திரம் வாங்கியது. இந்திய வெகன் ஆருக்கு ஒரே ஒரு நட்சத்திரம். 2016இல் அதே மாதிரியான தென்கிழக்காசிய அமைப்பான ஆசியான் என்கெப் சோதித்த பெரொடுவா பெஸாவின் உயர்ந்த வகைக்கு ஐந்து நட்சத்திரம் கிடைத்தது; அதே காரின் குறைந்த வகைகளுக்கு நான்கு. ஒரே கார், ஒரே பெயர், வகைக்கு வகை பாதுகாப்பு மாறுகிறது. 2025இல் இந்தியாவில் அல்டோ கே10, வெகன் ஆர், செலேரியோ ஆகியவற்றின் எல்லா வகைகளுக்கும் ஆறு எயார் பேக் கொடுக்கத் தொடங்கினார்கள். நல்ல விடயம். உங்களுக்குத் தரப்போகும் காரில் எத்தனை இருக்கிறது என்று விலைத்தாளிலேயே எழுதி வாங்குங்கள். எயார் பேக் மட்டும் போதாது. மோதும்போது கூண்டு நெளியாமல் நிற்கவேண்டும், நட்சத்திரம் கொடுக்கும்போது அதையும் பார்க்கிறார்கள். சறுக்கும்போது சக்கரம் சக்கரமாகப் பிறேக் பிடித்து வண்டியை நேராக்கும் ஈஎஸ்சி இருக்கிறதா? பின்சீட்டின் நடுவில் இருப்பவருக்கும் தோளோடு சேர்த்துக் கட்டும் பெல்ட்டா, இடுப்புக்கு மட்டுமா? குழந்தை ஆசனம் பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொளுவி இருக்கிறதா? அலோய் சில்லும் பெரிய திரையும் உள்ள வகைக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தை, முதலில் இவற்றுக்குக் கொடுங்கள்.

அப்புறம், பிராண்ட் நியூவா ரீகண்டிஷனா என்ற கேள்வி. முகவரிடம் வாங்கினால் உத்தரவாதம் உண்டு, சேர்விஸ் புத்தகம் முதல் பக்கத்திலிருந்து உங்களுடையது. ஜப்பானில் கொஞ்சக் காலம் ஓடி வந்த காரில் அதே பணத்துக்குக் கூடுதல் வசதிகள் கிடைக்கலாம். அதை எடுப்பதென்றால், ஜப்பான் ஏலத்தில் காரின் நிலையைக் குறித்துக் கொடுக்கும் ஏலத்தாளின் பிரதியைக் கேட்டு வாங்கி, அதில் உள்ள சேசி இலக்கத்தையும் கிலோமீற்றரையும் காரோடு ஒப்பிடுங்கள். முதல் காரை முதன்முதலாகப் பராமரிக்கப்போகும் குடும்பத்துக்கு நான் உத்தரவாதத்தின் பக்கம்தான் நிற்பேன். வானொலி கேட்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்லவேண்டும். ஜப்பானில் எஃப்எம் 76 மெகாஹேர்ட்ஸில் தொடங்கி 95இல் முடிகிறது. எங்களுடையது 88 முதல் 108 வரை. அங்கிருந்து வந்த காரின் வானொலியில் எங்கள் நிலையங்கள் பலவும் பிடிக்காது, மாற்றுக் கருவி பூட்டவேண்டும்.

உதிரிப்பாகத்துக்குப் பஞ்சிகாவத்தை இருக்கிறது என்று துணிந்துவிடுகிறோம். நிறைய ஓடும் மொடல்களுக்கு அது உண்மைதான். ஆனால் புதிதாக வந்த மொடலுக்கு முன் பம்பரும் ஹெட்லைட்டும் எவ்வளவு, எத்தனை நாளில் வரும் என்று முகவரின் உதிரிப்பாகப் பிரிவில் விலை கேளுங்கள். கொழும்பில் முதல் வருடத்தில் அடிபடுவது பெரும்பாலும் அந்த இரண்டும்தான்.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளைப் பக்கம் கடலோரத்தில் இருப்பவர்கள் உப்புக் காற்றை மறக்கவேண்டாம். கழுவும்போது காரின் அடிப்பக்கத்தையும் நல்ல தண்ணீரால் கழுவச் சொல்லுங்கள். அடைமழையில் வீதியில் வெள்ளம் நின்றால் சின்னக் காரை அதற்குள் விடாதீர்கள். வெள்ளத்தில் நின்றுபோன காரைத் திரும்ப ஸ்டார்ட் பண்ணவே வேண்டாம், தண்ணீர் உள்ளே போயிருந்தால் அதோடு என்ஜின் போய்விடும். தொடர்மாடியில் இருப்பவர்கள் தங்கள் தரிப்பிடத்தின் அகலத்தை அளந்து எழுதிவைத்துக்கொண்டு கடைக்குப் போகவேண்டும். ஒரு கேய் காரும் ஒரு டொயோட்டா யாரிஸும் அகலத்தில் இருபது சென்ரிமீற்றருக்கு மேல் வித்தியாசம். கதவைத் திறந்து பாட்டியை இறக்க அந்த இருபது சென்ரிமீற்றர் தேவைப்படும்.

ஓட்டிப் பார்க்கப் போகும்போது வீட்டில் உள்ள எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போங்கள். விற்பனையாளரோடு தனியாக நேர் வீதியில் ஒரு சுற்று போய்வந்தால் எந்தக் காரும் நன்றாகத்தான் ஓடும். நான்கு பேர் இருக்கவேண்டும், ஏசி முழுதாகப் போட்டிருக்கவேண்டும். கொழும்பில் மலை இல்லை, ஆனால் மாடி வாகனத் தரிப்பிடங்களின் சரிவுப் பாதை இருக்கிறது. அதன் நடுவில் காரை நிறுத்தி, மறுபடி எடுங்கள். பின்னுக்கு உருளாமல், என்ஜின் கத்தாமல் ஏறுகிறதா என்று பாருங்கள். கடுகண்ணாவை ஏற்றத்தில் உங்களுக்கு என்ன நடக்கும் என்று அங்கேயே தெரிந்துவிடும். அது முடிந்த பிறகு பின்சீட்டில் இருந்தவர்களிடம் முழங்கால் இடித்ததா, காற்று வந்ததா என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதைக் கேட்டுவிட்டு முற்பணம் கட்டுங்கள்.

நன்றி, வணக்கம்.