ஊர் கூடிக் குப்பை பொறுக்க

பெருமதிப்பிற்குரிய மன்றத் தலைவர் அவர்களே, ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தைத் தியாகம் செய்து வந்திருக்கும் சிறப்பு விருந்தினர் அவர்களே, அடித்தள அமைப்புத் தலைவர்களே, எனக்குப் பொன்னாடை போர்த்திவிட்டு உடனே இறங்கிப்போய் நாற்காலி எடுத்துப்போட்ட செயலவை உறுப்பினர்களே, தொண்டூழியர்களே, வணக்கம்.

ஊர் கூடித் தேர் இழு என்பார்கள். வடம் பிடிப்பவர்களை எல்லாரும் பார்க்கிறோம். சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவரை யார் பார்க்கிறோம்? அவர் இல்லாவிட்டால் தேர் திண்ணைக்குள் புகுந்துவிடும். காட்டில் குப்பை பொறுக்கவும் அப்படி ஒருவர் வேண்டும். அனுமதி, ஆள், கணக்கு என மூன்றைச் சொல்ல வந்தேன்.

முதலில், அந்தக் காடு யார் பொறுப்பில் இருக்கிறது? புக்கிட் தீமா இயற்கை வனப்பகுதி என்றால் தேசியப் பூங்காக் கழகம். வேலியோரம் மண்டிக் கிடக்கும் அரசாங்க நிலம் என்றால் பெரும்பாலும் சிங்கப்பூர் நில ஆணையம். நாள், நேரம், எத்தனை பேர், குப்பை எங்கே போகும் ஆகிய நான்கையும் எழுதிக் கேளுங்கள். எல்லாரும் மறப்பது நான்காவதைத்தான்.

ஒரு குழு மறந்த கதையைக் கேளுங்கள். இருபது பேர் காலை ஏழரைக்கு இறங்கினார்கள். பத்து மணிக்குப் பன்னிரண்டு கறுப்புப் பை நிறைந்துவிட்டது. படமும் எடுத்தாயிற்று. பைகளைப் பாதையோரம் வரிசையாக நிறுத்திவிட்டு, "லாரிக்கு அப்புறம் சொல்லிக்கலாம், பசிக்குது" என்று பரோட்டா சாப்பிடப் போனார்கள். ஒரு பைக்குள் பழைய நாசி லெமாக் பொட்டலம். முதலில் ஒரு குரங்கு வந்தது, விரலை விட்டுக் கிழித்துப் பார்த்தது. பின்னாலேயே பிள்ளைகுட்டியோடு குடும்பம். இவர்கள் தே தாரிக் குடித்துவிட்டுத் திரும்பினால் பன்னிரண்டு பையும் விரிந்து கிடக்கிறது. நடுக்கிளையில் ஒரு பெரிய குரங்கு, சிறப்பு விருந்தினர் மாதிரி! ஐயா மன்னிக்க வேண்டும், இன்றைய விருந்தினரைச் சொல்லவில்லை. மறுபடி முதலிலிருந்து பொறுக்கினார்கள். ஊர் கூடித் தேர் இழுத்தது, முட்டுக்கட்டை போடத்தான் ஆளில்லை.

அடுத்து ஆள். ஐந்து பேர் ஒரு குழு. இருவர் நீள இடுக்கியோடு, ஒருவர் பையோடு, ஒருவர் வாளியோடு, ஒருவர் சுற்றிலும் கண்ணோடு. உடைந்த கண்ணாடி வாளிக்குத்தான் போக வேண்டும். பைக்குள் போட்டால் தூக்குகிறவர் காலைக் கிழிக்கும். ஊசி கிடந்தால் இடுக்கியால் எடுத்துக் கெட்டியான மூடிபோட்ட டப்பாவில் போடுங்கள். மழையில் ஊறிய குப்பை கனக்கும், ஆகையால் பையில் முக்கால் பாகத்துக்கு மேல் வேண்டாம். தகரம், பலகை எதையும் கையால் புரட்டாதீர்கள். கம்பால் எதிர்ப்பக்க விளிம்பை உங்களை நோக்கித் தூக்குங்கள். அடியில் பாம்பிருந்தால் அந்தப் பக்கமே போய்விடும். டயரில் தண்ணீர் நின்றால் மண்ணில் கொட்டுங்கள், சாக்கடையில் அல்ல. கொசுப்புழு அங்கே பிழைத்துக்கொள்ளும். சருகு குப்பையல்ல, அதைக் கூட்டிப் பெருக்க வேண்டாம்.

துருப்பிடித்த உருளை கண்ணில் பட்டால் தொடாதீர்கள். போர்க்காலக் குண்டாக இருக்கலாம். விலகி நின்று 999-இல் போலிசை அழையுங்கள். 2023 செப்டம்பரில் அப்பர் புக்கிட் தீமா சாலைக் கட்டுமானத் தளத்தில் கிடைத்த போர்க்காலக் குண்டின் எடை 100 கிலோ.

மூன்றாவது, கணக்கு. பொறுக்கியதில் எது எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். எந்தப் பையைக் கொட்டினாலும் முதலில் உருண்டு வருவது தண்ணீர்ப் போத்தல்தானே? இங்கேதான் என் பழைய வழக்கு. காலிப் போத்தலை இயந்திரத்தில் போட்டால் 10 காசு திருப்பித் தரும் திட்டம் நல்லதுதான். ஆனால் சேறு படிந்து நசுங்கிய போத்தலை இயந்திரம் ஏற்காது. காட்டுக்குள் போகுமுன்பே தடுக்க வேண்டும். நம் தமிழ் நிகழ்ச்சிகளில் ஆளுக்கொரு சின்னப் போத்தல் வைக்கும் வழக்கத்தை இந்த மன்றமே முதலில் நிறுத்தட்டும். ஒரு பெரிய தண்ணீர்க் குடமும் அடுக்குக் குவளையும் போதும். ஊர் கூடித் தேர் இழுக்குமுன் தேரின் பாரத்தைக் குறைப்போமே!

தலைவர் முன்னே ஆறு போத்தல் இருக்கிறது. மூன்று இன்னும் திறக்கப்படவில்லை. செயலாளர் அவர்களே, அந்த மூன்றையும் பெட்டியிலேயே திருப்பி வையுங்கள்.